பொழுதுபட்ட பிறகு குளத்துக்கு மேல் வெள்ளைப் பொட்டோடு பறப்பது தும்பியா, விட்டிலா?

தும்பிதான். நானும் பத்துப் பன்னிரண்டு வயதுவரை விட்டில் என்றே நினைத்திருந்தேன்.

முல்லைத்தீவில் முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கம் எங்கள் வீடு. மாடுகளைச் சாய்த்துக்கொண்டு அலைகரையால் வரும்போது தண்ணீருக்கு மேல் முழங்கால் உயரத்தில் வெள்ளைப் பொட்டுகள் மின்னி மின்னி ஓடும். உடம்பும் தெரியாது, சிறகும் தெரியாது. மம்மலில் குளத்தடியில் நிற்காதே என்று வெருட்ட அப்பாச்சிக்கு அது நல்ல சாட்டு.

அதன் பெயர் தொலிமிஸ் ரில்லார்கா. ஆங்கிலத்தில் கோரல் டெயில்ட் கிளவுட்விங் என்பார்கள். பப்ரிசியஸ் என்ற பூச்சியியலாளர் 1798இல் விவரித்த இனம். தொலிமிஸ் என்ற பேரினத்தில் மொத்தமே இரண்டு இனங்கள்தான். மற்றையது அமெரிக்கக் கண்டத்து வெப்ப நாடுகளில் இருக்கிறது, அதற்கு இந்த வெள்ளை கிடையாது. நம்முடையதோ ஆபிரிக்காவிலிருந்து பசிபிக் தீவுகள்வரை பரந்து கிடக்கிறது.

வெளிச்சத்தில் பார்த்தால் ஆண் நல்ல சிவப்பு. பின்சிறகில் ஒரு கபிலத் திட்டு, அதை ஒட்டினாற்போல் பால்வெள்ளைத் திட்டு. இருட்டில் உங்கள் கண்ணுக்குப் படுவது அந்த வெள்ளைதான். பெண்ணுக்கு அது இல்லை. ஆகவே நீங்கள் பார்த்த பொட்டெல்லாம் ஆண்களுடையவை. பெண் பக்கத்திலேயே பறந்திருக்கும், நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள்.

பகலில் தேடினால் கிடைப்பது கஷ்டம். கரையோரப் பற்றைக்குள், நிழலில், குச்சியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். மாரியில் வானம் மூடிக் கிடந்தால் மட்டும் பகலிலும் வெளியே வரும். நுளம்பு போன்ற சின்னப் பூச்சிகள்தான் இரை. இதன் குஞ்சுகளும் குளத்துத் தண்ணீருக்குள் மற்றப் பூச்சிகளைப் பிடித்துத் தின்றே வளர்கின்றன.

ஒன்றைக் கவனியுங்கள். மம்மலில் பறக்கும் தும்பி இது ஒன்றுதான் என்றில்லை. சிக்சோமா என்று இன்னொன்றும் நம் குளங்களில் உண்டு. மெலிந்த கபில உடம்பு, பச்சைக் கண், வெள்ளைப் பொட்டு இல்லை. அதனால் பொட்டைக் கண்டால் சந்தேகமே வேண்டாம்.

வெளிச்சத்துக்கும் வரும். போன மாரியில் ஒன்று எங்கள் விறாந்தை லைற்றடிக்கு வந்து கொடிக்கயிற்றில் தொங்கியது. அம்மா தும்புத்தடியோடு ஓடி வந்தார், "விட்டில்" என்றபடி. சிறகைக் காட்டி நான் மேலே சொன்னதெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரி, தும்பியெண்டாத் தும்பி. லைற்றை நிப்பாட்டு, வெளியில போகட்டும்."