உலக அரசு வருமா? கேளுங்கள், சொல்கிறேன்

மார்த்தாண்டத்துத் தம்பி: சார், இது யாருடைய யோசனை?
பழசு, மக்களே. உலகம் முழுவதற்கும் ஒரே பேரரசர் வேண்டும் என்றார் இத்தாலியக் கவிஞர் தாந்தே. 1795இல் ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட் அதை மறுத்தார், அது கொடுங்கோலாகிவிடும், சுதந்திர நாடுகளின் கூட்டமைப்பு போதும் என்று. நம் ஊரிலும் உண்டு. 1942 ஆகஸ்ட் 8 ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள், உலக அமைதிக்குச் சுதந்திர நாடுகளின் உலகக் கூட்டாட்சி தேவை என்று அதிலேயே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

நாகர்கோவில் அக்கா: ஐ.நா. இருக்கிறதே?
அது அரசு இல்லை அக்கா. மக்களிடம் வரி வாங்க முடியாது, சொந்தப் படை கிடையாது. 193 நாடுகள் கூடிப் பேசலாம், ஆனால் பாதுகாப்பு சபையில் நிரந்தர இடம் உள்ள ஐந்து நாடுகளில் ஒன்று வீட்டோ (தடுப்பு ஓட்டு) போட்டால் கதை முடிந்தது. வீட்டோவை எடுக்க ஐ.நா. சாசனத்தை, அதாவது அதன் அடிப்படைச் சட்டத்தை, திருத்தவும் அந்த ஐந்து பேரும் சம்மதிக்க வேண்டும்!

தூத்தூர் அண்ணன்: கடலுக்குப் போகிறவனுக்கு இதனால் என்ன?
உங்களுக்குத்தான் அண்ணே ரொம்பத் தேவை. 2012இல் கேரளக் கடலில் இத்தாலிக் கப்பலிலிருந்து அந்நாட்டுக் கடற்படை வீரர்கள் சுட்டதில் இறந்த இரண்டு மீனவர்களில் ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். யார் விசாரிப்பது என்றே வருடக்கணக்கில் இழுத்தது. 1982 கடல் சட்ட ஒப்பந்தப்படி ஹாம்பர்க்கில் உள்ள சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போய், அப்புறம் ஹேக் நடுவர் மன்றத்தில் 2020இல் முடிவு வந்தது: கடற்படை வீரர்களை இந்தியா விசாரிக்க முடியாது (ஐந்து நடுவர்களில் மூன்று பேர் அப்படிச் சொன்னார்கள்), இத்தாலி இழப்பீடு தர வேண்டும். 10 கோடி ரூபாய் வந்ததும் 2021இல் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. சுட்டவர்கள் இங்கே கூண்டில் ஏறவே இல்லை என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆனாலும் அந்த மன்றமும் இல்லாதிருந்தால், இரண்டு அரசாங்கங்களும் தங்களுக்குள் எதைப் பேசி முடிக்கிறதோ அதுதான் நீதி என்று ஆகியிருக்கும்.

குலசேகரம் மாணவி: அணுகுண்டைக்கூடத் தடுக்க முடியவில்லையே?
முயன்றார்கள் அம்மா. 1946இல் அணுசக்தியைச் சர்வதேச அமைப்பின் கையில் தருவதாக அமெரிக்கா ஒரு திட்டம் வைத்தது, சோவியத் நம்பவில்லை. 1949இல் அவர்களும் குண்டு வெடித்தார்கள்.

அதே தம்பி: சரி, நம் காலத்தில் வருமா?
முழு அரசு வராது. ஆனால் 1952இல் ஆறு நாடுகள் நிலக்கரிக்கும் எஃகுக்கும் தொடங்கிய கூட்டமைப்பு, 1979இல் மக்கள் நேரடியாக ஓட்டுப் போடும் ஐரோப்பிய நாடாளுமன்றம் வரை வந்தது. அதுபோல உலக அளவில் ஒரு மக்கள் அவை, முதலில் ஆலோசனை சொல்வதற்காவது வேண்டும். ஐ.நா. சாசனத்தின் 22ஆம் பிரிவு பொதுச்சபைக்குத் துணை அமைப்புகளை உருவாக்கும் அதிகாரம் தருகிறது, அங்கே வீட்டோ கிடையாது. இந்தியா இதை முன்வைக்க வேண்டும் என்று நம் எம்.பி.க்கு எழுதுங்கள்.