சனியின் வளையம் பார்க்க எந்தத் தொலைகாட்டி?

கேள்வி: உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கும் மகன் சனியின் வளையங்களையும் வியாழனின் முகிற்பட்டிகளையும் பார்க்க ஆசைப்படுகிறான். 60 மி.மீ. தொலைகாட்டி ஒன்றின் பெட்டியில் 600 மடங்கு உருப்பெருக்கும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, கோப்பாய்

பதில்: அந்த 600ஐ நம்பி வாங்காதீர்கள். பொருள்வில்லையின் (தொலைகாட்டியின் முன்பக்கத்துப் பெரிய வில்லையின்) விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வருவதே பயனுள்ள உருப்பெருக்கத்தின் உச்சம் என்பதால், 60 மி.மீ. கருவியில் 120 மடங்கைத் தாண்டினால் உரு பெரிதாகுமே தவிர, மங்கிக் கலங்கிப் போகும். அதற்காக அது ஒன்றுக்கும் உதவாது என்பதல்ல. சனியின் வளையம் 30 மடங்கிலேயே தெரியும், வியாழனின் இரண்டு கரும்பட்டிகளும் நான்கு பெரிய சந்திரன்களும் தெரியும். ஆனால், வளையங்களைப் பிரிக்கும் கசினி இடைவெளியையும் வியாழனின் செம்பொட்டையும் (அங்கு வீசும் பெரும்புயலையும்) தெளிவாகக் காண 100 மி.மீ.க்குக் குறையாத விட்டமும் அமைதியான வளியும் வேண்டும். வியாழன் 10 மணித்தியாலத்துக்குள் ஒரு சுற்றை முடிப்பதால், மாலையில் மறைந்திருந்த செம்பொட்டு அதே இரவில் பின்னர் முன்பக்கம் வரக்கூடும்.

விட்டத்துக்கு அடுத்தபடியாக, குழாயைத் தாங்கித் திருப்பும் தாங்கியைப் பாருங்கள். நம்மவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். விலை கூடியது என்பதற்காக மத்தியகோட்டுத் தாங்கியை (வானின் சுழற்சியை ஓரச்சில் பின்தொடரும் தாங்கியை) வாங்கினால், அதன் அச்சைத் துருவ விண்மீனை நோக்கிச் சரிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் அந்த விண்மீன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 10 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. குளிர்நாடுகளை மனதில் வைத்துச் செய்யப்பட்ட பல தாங்கிகள் அவ்வளவு தாழ இறங்குவதில்லை. இறங்கினாலும் குழாயின் பாரத்தைச் சமன்செய்யும் எதிர்நிறைத் தண்டு முக்காலியின் காலில் முட்டும். ஆகவே மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் எளிய தாங்கியில் அமைந்த, 130 அல்லது 150 மி.மீ. ஆடியுள்ள டொப்சோனியன் வகையே உங்கள் மகனுக்குப் பொருத்தம். அதனை மொட்டைமாடியில் வைக்காமல் முற்றத்தில் வையுங்கள். பகல் வெயிலில் சூடேறிய கொங்கிறீற்றுத் தளத்திலிருந்து எழும் வெப்பக்காற்று உருவை நடுங்க வைக்கும்.

2025 மார்ச்சில் சனியின் வளையத்தின் விளிம்பு பூமியை நோக்கியிருந்ததால், அக்காலத்தில் நல்ல கருவியிலும் வளையம் மெல்லிய கோடாகவே தோன்றியது. இப்போது அது ஆண்டுதோறும் விரிந்து வருகிறது, 2032 அளவில் மிக அகன்று தெரியும்.

பற்றுச்சீட்டையும் பெட்டியையும் எறிந்துவிடாதீர்கள். சொன்னதற்கு மாறான பொருள் கையில் வந்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, விற்பனை நடந்த 3 மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்துமூலம் முறையிடலாம்.