நீல மானின் கழுத்து

அன்புள்ள ஐயா,

மண்டபம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் ஜெர்மன் ஓவியர் ஃபிரான்ஸ் மார்க் வரைந்த 'விலங்குகளின் விதி' என்ற படத்தைத் திரையில் போட்டுக் காட்டினேன். "டீச்சர், போட்ல மடியக் கொட்டுன மாதிரி இருக்கு" என்றான் ஒரு பையன். (மடி என்றால் மீன் சேரும் வலைப்பை.) வகுப்பே சிரித்தது. அதற்கு மேல் எனக்கும் விளக்கத் தெரியவில்லை. இணையத்தில் தேடினால் நீலம் ஆண், மஞ்சள் பெண், சிவப்பு ஜடம் என்கிறார் ஒருவர். முதல் உலகப் போரை முன்கூட்டியே சொன்ன படம் என்கிறார் இன்னொருவர். இது கியூபிசமே இல்லை என்று ஒரு சண்டை வேறு. பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சருக்கு,

அந்தப் பையனைச் சிரித்து உட்கார வைத்திருக்க வேண்டாம். நீங்கள் படித்த விளக்கங்களைவிட அவன் படத்துக்குப் பக்கத்தில் போயிருக்கிறான். விசைப்படகின் தளத்தில் மடியைக் கொட்டியதும் யாருக்கும் முழு மீன் தெரியாது. ஒரு கண், ஒரு வால், நண்டின் கால், கணவாயின் வழவழப்பு, நடுவே பாசி. கொஞ்சம் பொறுத்துத்தான் இறால் எது, கழிசல் எது என்று கண் பிரிக்கும். இந்தப் படத்தையும் அப்படிப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் குவியலுக்குத் திசை கிடையாது. மார்க்கின் படத்தில் திசைதான் எல்லாம். கோடுகள் சாய்வாகப் பாய்கின்றன, மரம் சரிகிறது. நடுவில் ஒரு நீல மான், தலையைப் பின்னுக்குத் தள்ளிக் கழுத்தை முழுசாகக் காட்டிக்கொண்டு நிற்கிறது. இடப்பக்கம் மேலே பச்சைக் குதிரைகள், கீழே காட்டுப்பன்றிகள். வலப்பக்கத்தில் நெருக்கியடித்து நிற்பவற்றை மான்கள் என்பாரும் உண்டு, நரிகள் என்பாரும் உண்டு. முதலில் பிள்ளைகள் இவற்றைக் கண்டுபிடிக்கட்டும். ஒவ்வொன்றும் என்ன செய்கிறது, ஓடுகிறதா, பதுங்குகிறதா, மாட்டிக்கொண்டதா என்று கேளுங்கள். எது எதற்குக் குறியீடு என்ற கேள்வியை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அந்த மானின் கழுத்தைக் கொஞ்சம் நேரம் பாருங்கள். மிரண்ட மான் ஓடும், இல்லை ஒடுங்கும். இது இரண்டும் செய்யாமல் தொண்டையை நீட்டிக் கொடுக்கிறது. இதைப் பலிக்கு நிற்கும் மான் என்று படிக்கிறார்கள். வட ஐரோப்பியப் புராணத்தில் உலகங்களைத் தாங்கி நிற்கும் மரத்தோடு இணைத்துப் படிப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போகத் தோன்றவில்லை. மார்க் சில வருஷம் மியூனிக்கில் விலங்குகளின் உடற்கூறு சொல்லிக் கொடுத்தவர். எலும்பும் தசையும் கைப்பழக்கம். அப்படிப்பட்டவர் கழுத்தை இவ்வளவு வளைத்தால், தெரிந்தேதான் வளைத்திருப்பார்.

இனி கியூபிசம். பாரிஸில் பிக்காசோவும் பிராக்கும் 1907ஐ ஒட்டித் தொடங்கி வைத்தது. அவர்கள் உடைத்துப் பார்த்தவை பெரும்பாலும் மனிதர்கள், கிட்டார், புட்டி, மேஜை. ஒரு பொருளைப் பல பக்கத்திலிருந்து பார்த்து ஒரே பரப்பில் வைப்பது அவர்கள் வழி. 1912இல் மார்க் பாரிஸ் போய் ஓவியர் ராபர்ட் தெலோனேயைப் பார்த்தார். கண்ணாடிச் சில்லு போல நிறத்தை உடைக்கும் முறையை அங்கிருந்து எடுத்துக்கொண்டார். ஆக, கறாராகச் சொன்னால் இது கியூபிசத்தின் கத்தியை வாங்கி வந்த ஜெர்மன் எக்ஸ்பிரஷனிசம், அதாவது கண்ணில் படுவதைவிட மனதின் உணர்ச்சியைக் காட்டும் ஓவிய வழி. பரீட்சைக்கு அது போதும்.

அந்தக் கத்தியை வைத்து மார்க் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். படத்துக்கு அவர் முதலில் வைத்த தலைப்பு வேறு: 'மரங்கள் தம் வளையங்களைக் காட்டின, விலங்குகள் தம் ரத்த நாளங்களை'. இப்போதுள்ள தலைப்பு அவருடைய ஓவிய நண்பர் பால் கிளே சொன்னது. வெட்டினால்தானே மரத்தின் வளையம் தெரியும்? உடம்பு பிளந்தால்தானே ரத்த நாளம் தெரியும்? பிக்காசோவிடம் துண்டாக்குவது பார்க்கும் முறை. இங்கே துண்டாவது அந்த விலங்குகளுக்கே நடக்கிறது. சில்லு சில்லாக இருப்பதை ஒட்டவைத்துப் பார்க்க வகுப்பில் யாராவது முயன்றால் தடுக்காதீர்கள். ஒட்டாது என்று அவர்களுக்கே தெரியும்போது படம் புரிந்துவிடும்.

நிறக் கணக்கை மார்க் எழுதியது உண்மை. 1910இல் ஓவிய நண்பர் மாக்கேவுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. இந்தப் படமோ 1913. கணக்கை அப்படியே வைத்துக்கொண்டால் பச்சைக் குதிரையை ஆண் பாதி பெண் பாதி என்று சொல்ல வேண்டி வரும். வேண்டாம்.

ஜோசியக் கதையைக் கிளப்பியது ஒரு விதத்தில் அவரேதான். 1915இல் போர்முனையில் இருந்தபோது இந்தப் படம் அச்சான தபால் அட்டை கைக்கு வந்தது. இந்தப் போரின் முன்னுணர்வு போல இருக்கிறது, நானா இதை வரைந்தேன் என்று மனைவி மரியாவுக்கு எழுதினார். 1916 மார்ச் 4ஆம் தேதி பிரான்ஸில் வெர்டுன் அருகே குண்டுச் சிதறலில் இறந்தார், வயது 36. நடந்து முடிந்த பிறகு திரும்பிப் பார்த்தால் எந்தப் படமும் ஜோசியம் சொல்லும். ஆனால் கித்தானின் பின்பக்கம் 'இருப்பதெல்லாம் எரியும் வேதனை' என்ற பொருளில் அவர் எழுதி வைத்த வரி இருக்கிறது. போர் வராமல் போயிருந்தாலும் அந்த வரி அங்கே இருந்திருக்கும்.

முடிந்தால் பிள்ளைகளை ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனைக்கும் கூட்டிப் போங்கள். அங்கே சுவர் ஓவியங்கள் முழுக்க ஒரே சேதுபதி மன்னர் முடிசூடுகிறார், வெள்ளைக்காரர்களைச் சந்திக்கிறார், தஞ்சை மராட்டியரோடு போரிடுகிறார். ஒரே பரப்பில் பல நேரங்களைப் பார்த்த கண்ணுக்குப் பல கோணங்கள் அவ்வளவு அந்நியமாக இருக்காது.

இன்னொன்று. மார்க் இறந்த பிறகு ஒரு கிடங்குத் தீயில் படத்தின் வலப்பக்கம் எரிந்துபோனது. 1919இல் கிளேதான் பழைய புகைப்படங்களை வைத்து அதைத் திரும்ப வரைந்தார். உருவங்களை மீட்டார், ஆனால் அந்தப் பகுதியைப் பழுப்பாகவே விட்டார். இப்போது சுவிட்சர்லாந்தின் பாசல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் படத்தில் இரண்டு ஓவியர்களின் கைகளும் தெரிகின்றன. அடுத்த முறை திரையில் போடும்போது இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். நிறம் எந்த இடத்தில் மாறுகிறது என்று மட்டும் கேளுங்கள்.