வலைக்கண் அளவு (கடிதம்)

அன்புள்ள அண்ணனுக்கு,

விலங்குகளை வைத்து மருந்து சோதிக்கும் ஆய்வுக்கூடங்களை எதிர்த்தவர்களை பிரிட்டன் சிறையில் அடைத்தது சரி என்று எழுதியிருந்தீர்கள். மனசு கேட்கவில்லை. நண்டு வலையில் ஏறிய நாலு கடல் அட்டைக்காக என் கூடப்பிறந்த அண்ணன் மூன்று வருடமாகக் கோர்ட்டுக்கு அலைகிறார். அங்கே விலங்குக்காகப் பேசினால் ஜெயில், இங்கே விலங்கைத் தொட்டால் ஜெயில். இரண்டிலும் மாட்டுவது எளியவர்தானே?

பாம்பனிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் அண்ணன் விஷயத்தில் எனக்கு மறுப்பே இல்லை. 2001-இல் கடல் அட்டையை வனஉயிரினச் சட்டத்தில் கடுமையான பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். கடத்துகிறவரும், தானாக வலையில் ஏறியதோடு கரைக்கு வந்தவரும் ஒரே கூண்டில் நிற்கிறார்கள். சின்னக் கண் வலை மாதிரிச் சட்டம் அது, குஞ்சையும் சேர்த்து அள்ளுகிறது.

ஆனால் நான் எழுதியது வேறு ஆட்களைப் பற்றி. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷையரில் ஆய்வுக்காக கினிப் பன்றி என்ற, எலி மாதிரியான சின்ன விலங்கை வளர்த்த ஒரு குடும்பத்தை வருடக்கணக்கில் மிரட்டினார்கள். 2004 அக்டோபரில் அந்த வீட்டு மாமியாரின் கல்லறையைத் தோண்டி, உடலையே தூக்கிப் போய்விட்டார்கள். கல்லறைத் திருநாளான நவம்பர் 2-ஆம் தேதி மெழுகுவத்தியோடு போகிறோம், கல்லறை இருந்த இடத்தில் குழிதான் கிடக்கிறது என்றால் நமக்கு எப்படி இருக்கும்? மறுவருடம் அந்தக் குடும்பம் தொழிலை விடுவதாக அறிவித்தது. உடல் கிடைத்தது 2006-இல்தான். மூன்று பேருக்கு ஆளுக்கு 12 ஆண்டு. அதுவும் மிரட்டிப் பணியவைக்கச் சதி செய்ததாக, பழைய சட்டத்திலேயே.

பிரிட்டனில் 2005-இல் வந்த சட்டம், விலங்கு ஆய்வுக்கூடத்துக்குச் சரக்கு கொடுப்பவரையும் அங்கே வேலை பார்ப்பவரையும் மிரட்டினால் ஐந்து ஆண்டு வரை சிறை என்றது. ‘அவர்களோடு வியாபாரம் வேண்டாம்’ என்று எடுத்துச் சொல்வதை மட்டும் அது குற்றமாக்கவில்லை. ஆனால் நஷ்டஈட்டோடு முடிய வேண்டிய சில சிவில் தவறுகளையும் அதற்குள் இழுத்துவிட்டார்கள். அந்தச் சட்டமும் சின்னக் கண் வலைதான். அதை நான் ஏற்கவில்லை.

எனக்கு இதில் சொந்தக் காரணமும் உண்டு. பனங்காட்டில் என் சித்தப்பாவைச் சுருட்டை விரியன் கடித்துவிட்டது. ஈறில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. நர்ஸ் அந்தச் சின்னக் குப்பியைக் குலுக்காமல், வெள்ளைத் தூள் கரையும்வரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டிக்கொண்டே இருந்தார். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்து அது. சித்தப்பா பிழைத்தார். அந்தக் குதிரை படும் பாட்டைக் கட்டாயம் கேள்வி கேட்க வேண்டும். 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அதற்கென்றே நம் நாட்டில் மத்தியக் குழு இருக்கிறது. அங்கே போய்ச் சத்தமாகவே கேட்கலாம். மருந்து செய்கிறவரின் வீட்டுக் கதவை ராத்திரியில் தட்ட யாருக்கும் உரிமை இல்லை.

சரி, அண்ணன் வழக்கில் அடுத்த வாய்தா என்றைக்கு? எழுதுங்கள், நானும் வந்து நிற்கிறேன்.