மலைப்பாதையில் ஓடும் காருக்குத் தண்ணீர் ஒட்டாத கண்ணாடி கோட்டிங்: வீட்டிலேயே போடலாமா?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன். வேலைக்காகத் தினமும் குன்னூருக்குக் காரில் போய் வருகிறேன். மழையும் மிஸ்ட்டும் சேர்ந்துகொண்டால் முன்கண்ணாடியில் எதிரே வருவது எதுவும் தெளிவாகத் தெரிவதில்லை. தண்ணீர் ஒட்டாத கோட்டிங் போட்டுவிட்டால் வைப்பரே வேண்டாம் என்று நண்பர் சொல்கிறார். கோயம்புத்தூரில் விசாரித்தால் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். அதனால் ஒரு பாட்டில் வாங்கி நானே தடவினேன். இப்போது வைப்பர் கடகடவென்று குதிக்கிறது. நான் செய்தது தப்பா? ஊட்டியில் இருக்கும் அண்ணன் காருக்கும் போடலாமா? அங்கே டிசம்பர், ஜனவரியில் கண்ணாடி மேல் உறைபனி படிகிறது.

பதில்: வீட்டிலேயே தாராளமாகப் போடலாம். இதற்கு மெஷினும் வேண்டாம், மெக்கானிக்கும் வேண்டாம். ஆனால் வைப்பரே வேண்டாம் என்று உங்கள் நண்பர் சொன்னது நாற்கர சாலையில் போகிறவருக்கான கணக்கு. கோத்தகிரி – குன்னூர் ரோட்டுக்கு அது பொருந்தாது.

சுத்தமான கண்ணாடிக்குத் தண்ணீரை இழுத்துப் பரப்பிக்கொள்ளும் குணம் உண்டு. இந்த பாட்டில்களில் இருப்பது சிலிக்கோன் வகையோ ஃபுளோரின் சேர்ந்த வகையோ ஆன ஒரு ரசாயனம். அது கண்ணாடியின் மேல்பரப்போடு மிக மெல்லிய படலமாகப் பிணைந்துகொள்ளும். அதன் பிறகு விழும் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். டப்பாவின் மேல் தாமரை இலை படம் போட்டிருப்பார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். தாமரை இலையில் துளி கிட்டத்தட்ட உருண்டையாகவே நிற்கும், கண்ணாடியைத் தொடுவது போலத் தொடாது. துளிக்கும் பரப்புக்கும் இடையிலான கோணம் 150 டிகிரிக்கு மேல். கோட்டிங் போட்ட கண்ணாடியில் அது பொதுவாக 100, 110 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். அதனால் பெரிய துளி உருண்டு ஓடிவிடும், சின்னத் துளி அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

அந்தச் சின்னத் துளியை விரட்டக் காற்று வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் எதிர்க்காற்று துளிகளை மேலே தள்ளிக்கொண்டு போகும். கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது எங்கிருந்து காற்று வரும்? வைப்பர் போட்டே ஆக வேண்டும். கோட்டிங் இருந்தால் வைப்பர் ஒரு வீச்சில் துடைத்துவிட்டுப் போகும், மெதுவான வேகமே போதும். கனமழையில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

மிஸ்ட் வேறு கதை. மழைத்துளியை விடப் பல மடங்கு நுண்ணிய துளிகள் அதில் இருக்கின்றன. கோட்டிங் போட்ட கண்ணாடியில் அவை ஒன்று சேர்ந்து வழியாமல் ஊசி முனை ஊசி முனையாக நிற்கும். எதிரே ஒரு பஸ் ஹெட்லைட் போட்டுக்கொண்டு திரும்பினால் ஒவ்வொரு துளியும் தனித்தனியே மின்னி, கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிடும். மிஸ்ட் இறங்கியதும் துளி சேரும் வரை காத்திருக்காமல் வைப்பரை விட்டு விட்டு ஓடும் நிலையில் வைத்துவிடுங்கள்.

பழைய லாரி, பஸ் டிரைவர்கள் வெட்டிய உருளைக்கிழங்கையோ ஈரப் புகையிலையையோ கண்ணாடியில் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கோட்டிங் செய்வதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது: தண்ணீரைத் துளியாக விடாமல் மெல்லிய ஒரே படலமாகப் பரப்பிவிடுகிறது. மெதுவான வேகத்தில், மிஸ்ட்டில், அது நிஜமாகவே உதவும். நாலு வீச்சு வைப்பர் ஓடினால் போய்விடும் என்பதுதான் குறை. தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், டேஷ்போர்டுக்கு அடிக்கும் ஸ்பிரே இவற்றை மட்டும் கண்ணாடிப் பக்கம் கொண்டு போகாதீர்கள். ராத்திரியில் எண்ணெய்ப் படலம் செய்யும் வேலையை எந்த வைப்பராலும் சரிசெய்ய முடியாது.

சரி, உங்கள் வைப்பர் ஏன் குதிக்கிறது? பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். அடியில் இருந்த அழுக்கின் மேலேயே கோட்டிங் போயிருக்கலாம். தடவிய பிறகு மிச்சத்தை முழுதாகத் துடைத்து எடுக்காமல் விட்டிருக்கலாம். அல்லது ரப்பர் காய்ந்து விறைத்திருக்கலாம். மலையில் குளிர்தானே, ரப்பர் நீடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உயரம் கூடக் கூட வெயிலில் புற ஊதாக் கதிர் கூடுகிறது. வெளியே நிற்கும் காரின் ரப்பர் இங்கே சீக்கிரமாகவே விறைத்துப்போகும். முதலில் ரப்பரின் விளிம்பை நகத்தால் மெல்ல வளைத்துப் பாருங்கள். வளைந்து உடனே திரும்பினால் நல்லது. கீறலோ வெடிப்போ தெரிந்தால் புது பிளேடு மாற்றிவிட்டு மற்றதைப் பேசலாம். என்னைக் கேட்டால், கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் பிளேடுக்குத்தான் போடச் சொல்வேன், கோட்டிங்குக்கு இல்லை.

ரப்பர் நன்றாக இருந்தால், ஈரத் துணியால் அதன் விளிம்பைத் துடைத்து, கண்ணாடியை லேசாக நனைந்த மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். மிச்சம் படிந்திருந்ததுதான் காரணம் என்றால் அதிலேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் பழையதை முழுக்க எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

மறுபடி ஆரம்பிக்கும்போது முக்கால்வாசி நேரம் சுத்தம் செய்வதற்கே போக வேண்டும். முதலில் கார் ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள். உங்கள் ரோட்டில் டீசல் புகையும், டீத்தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்தினால் அதிலிருந்து விழும் பிசுக்கும் கண்ணாடியில் ஏறிவிடும். தண்ணீரும் சோப்பும் அதைத் தொடாது. பழைய ஸ்டிக்கரின் பசை இருந்தால் அங்கே மட்டும் இரண்டு சொட்டு நீலகிரித் தைலம் விட்டு ஊறவைத்துத் துடைத்தால் வந்துவிடும். தைலமும் எண்ணெய்தான், அதையும் பிறகு எடுத்தாக வேண்டும். அப்புறம் கண்ணாடியைத் தேய்ப்பதற்கென்று விற்கும் சீரியம் ஆக்ஸைடு கலந்த பாலிஷ் வாங்கி, ஈரமான ஸ்பாஞ்சில் எடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு வட்டம் வட்டமாகத் தேயுங்கள். காய விடாதீர்கள். கறுப்பு ரப்பர் பீடிங்கில் பட்டால் வெள்ளையாகக் கறை பிடிக்கும், அதற்கு முன்பே டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் பாலிஷ் கண்ணாடியில் ஒட்டாமல் விலகி விலகிப் போகும். பழைய படலம் அங்கே இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். தேய்க்கத் தேய்க்க ஒரு கட்டத்தில் விலகாமல் சீராகப் பூசிக்கொள்ளும். நன்றாக அலசிவிட்டு ஒரு குவளைத் தண்ணீரை மேலிருந்து ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் நடுவில் எங்கும் பிளக்காமல் ஒரே விரிப்பாக வழிந்தால் கண்ணாடி தயார். ஏதாவது ஒரு இடத்தில் தீவு போல வெற்றிடம் விட்டு ஒதுங்கினால் அங்கே மறுபடி தேய்க்க வேண்டும். வைப்பர் நிற்கும் கீழ் ஓரத்திலும், டிரைவர் பக்க மேல் மூலையிலும்தான் இது பெரும்பாலும் மிச்சமிருக்கும். கை எட்டாத இடம் அல்லவா.

வைப்பர் கையைத் தூக்கி நிறுத்தி வேலை செய்வீர்கள். அடியில் ஒரு மடித்த துண்டைப் போட்டுவிடுங்கள். தவறி விழுந்தால் அதன் ஸ்பிரிங் அடிக்கிற அடியில் கண்ணாடி விரிசல் விடும். கண்ணாடியில் ஏற்கெனவே கல் பட்ட சிறு பொத்தல் இருந்தால் அதை முதலில் ரிப்பேர் செய்யுங்கள். விரிசலுக்குள் கோட்டிங் இறங்கிவிட்டால் பிறகு ரிப்பேர் பசை அங்கே பிடிக்காது.

காய்ந்த பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட சுத்தமான துணியால் ஒரு முறை துடைத்துவிட்டு, உடனே கோட்டிங். நேரம் முக்கியம். விடியற்காலையில் கண்ணாடி ஈரமாக இருக்கும். மதியத்துக்கு மேல் கோத்தகிரியில் மிஸ்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பத்து மணிக்கு மேல், காரை போர்டிகோவிலோ நிழலிலோ நிறுத்தி ஆரம்பியுங்கள். காற்று சில்லென்று இருந்தாலும் மலை வெயில் கண்ணாடியைச் சுட வைத்துவிடும். புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடு தெரியக் கூடாது. சூடான கண்ணாடியில் மருந்து பரவுவதற்குள் காய்ந்து திட்டுத் திட்டாக நின்றுவிடும். மூடிய ஷெட்டிலும், குளிருக்குக் கரி அடுப்போ ஹீட்டரோ வைத்த இடத்திலும் வேண்டாம். இவற்றில் பல பற்றி எரியக்கூடிய ஆல்கஹால் கலந்தவை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணாடியை இரண்டு பாதியாகப் பிரித்துக்கொண்டு, கொஞ்சமாக ஸ்பாஞ்சில் எடுத்து, மேலும் கீழுமாக ஒரு முறை, இடவலமாக ஒரு முறை தடவுங்கள். நிறைய ஊற்றினால் நிறைய நாள் நிற்கும் என்பது இதில் நடக்காது. பிணைந்துகொள்வது ஒரு மெல்லிய அடுக்கு மட்டும்தான், மிச்சமெல்லாம் மங்கலாகப் படிந்து, உங்களுக்கு நடந்த மாதிரி வைப்பரைக் குதிக்க வைக்கும். சில நிமிடத்தில் வெண்புகை போலப் படியும். ஈரப்பதம் கூடிய நாளில் அதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். பிறகு சுத்தமான துணியால் துடைத்து, இன்னொரு துணியால் பளபளவென்று எடுத்துவிடுங்கள். காருக்குள் உட்கார்ந்து, வெளிச்சத்தைப் பார்த்தபடி பாருங்கள். வெளியிலிருந்து தெரியாத கோடு உள்ளேயிருந்து தெரியும். ஃபுளோரின் வகை என்றால் டப்பாவில் சொன்ன நேரம் வரை, பொதுவாக அரை நாளிலிருந்து ஒரு நாள், நனையாமல் வைத்திருக்க வேண்டும்.

கண்ணாடியின் நடு மேல்பகுதியில் மழை சென்சாரோ கேமராவோ உள்ள புது கார் என்றால் கையேட்டைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். சில கம்பெனிகள் அந்த இடத்தில் இப்படிப்பட்ட மருந்து வேண்டாம் என்றே எழுதியிருக்கின்றன. ஹெல்மெட் கண்ணாடி, ஜீப்பின் பிளாஸ்டிக் ஜன்னல் இவற்றுக்கும் இதைத் தடவாதீர்கள். பிளாஸ்டிக்குக்கு என்று தனியாக விற்கிறது.

பக்கக் கண்ணாடிகளுக்குப் போட மறக்காதீர்கள். அங்கே வைப்பர் கிடையாது, கண்ணாடியும் கிட்டத்தட்டச் செங்குத்து. துளி தானாகவே வழிந்து இறங்கும். வெளிப்பக்க ரியர் வியூ மிரரைப் பார்க்க வசதியாக இருக்கும். இதே காரணத்தால், முன்கண்ணாடி நிமிர்ந்து நிற்கும் பழைய வேன், பிக்கப் வண்டிகளுக்கு மலை வேகத்திலும் கோட்டிங் நன்றாகவே வேலை செய்கிறது. சாய்ந்த கண்ணாடி கொண்ட இப்போதைய கார்களுக்குப் பலன் கொஞ்சம் குறைவுதான்.

ஒன்றும் தெரிவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதில் பாதி கண்ணாடியின் உள்பக்கத்தில் இருக்கும் என்று எனக்குச் சந்தேகம். நான்கு பேர் நனைந்து ஏறி, ஜன்னலைச் சாத்திக்கொண்டால் மூச்சின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படியாமல் என்ன செய்யும்? கோட்டிங் மருந்தை உள்பக்கம் தடவினால் ஆவி மறையாது, நுண்துளியாக நின்று இன்னும் மோசமாகும். வெளிக்காற்று உள்ளே வரும்படி மாற்றி, ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள். ஏசி காற்றில் இருக்கும் ஈரத்தைப் பிழிந்து எடுக்கிறது, சூடு கண்ணாடியை உலர்த்துகிறது. மேட்டுப்பாளையம் இறங்கும்போது நேர்மாறாக நடக்கும்: மேலே குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், கீழே உள்ள வெதுவெதுப்பான ஈரக்காற்று பட்டு ஆவி பிடிக்கும். உள்ளே துடைத்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. வைப்பரை ஒரு தடவை போட்டால் போதும், ஏசி குளிரையும் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்.

எவ்வளவு நாள் நிற்கும்? சாதாரண சிலிக்கோன் வகை, தினமும் வைப்பர் ஓடினால் ஓரிரு மாதம். ஃபுளோரின் வகை அரை வருடத்துக்கு மேலும் வரும். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, அதனால் செப்டம்பர் கடைசியில் போடுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்களுக்கு மே மாதம். வாஷர் டேங்கில் பாத்திரம் துலக்கும் லிக்விட் ஊற்றாதீர்கள், அம்மோனியா கலந்த கிளீனரும் வேண்டாம். கஷ்டப்பட்டுப் போட்ட படலத்தின் ஆயுளை இவை குறைத்துவிடும். கடையில் கேட்கும் ஆயிரக்கணக்கான ரூபாயில் பெரும்பகுதி நான் மேலே சொன்ன தேய்ப்பு வேலைக்கான கூலி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உங்களுக்கு ஓய்வு கிடைத்தால் அந்தப் பணம் மிச்சம்.

அண்ணன் காருக்கும் போடலாம், ஆனால் பனிக்காலத்துக்கு முன்பே. பெரும்பாலான பாட்டில்களில் குறைந்தபட்சம் இத்தனை டிகிரி இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். ஊட்டியில் டிசம்பர் காலை அதற்கு ஒத்துவராது. கோட்டிங் இருந்தாலும் உறைபனி படியும். ஆனால் கண்ணாடியை இறுகப் பிடிக்காது, பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டினால் லேசாக உரிந்துவரும். உறைந்து ஒட்டியிருக்கும் வைப்பரைச் சுவிட்ச் போட்டு இழுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், மோட்டாருக்கும் கேடு, ரப்பரும் கிழியும். அடுப்பில் கொதிக்கும் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றுவது இன்னும் மோசம், கண்ணாடி அந்த இடத்திலேயே வெடித்துவிடும். முந்தின இரவே ஒரு பழைய போர்வையையோ அட்டைப்பெட்டியையோ முன்கண்ணாடி மேல் விரித்து, ஓரங்களைக் கதவுக்குள் செருகி வைத்துவிட்டால் காலையில் சுரண்டும் வேலையே இருக்காது.