சைக்கிள் தள்ளாடும் வேகம்

வணக்கம் ஐயா,

நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவி. பள்ளியில் 3000 மீட்டர் ஓடினேன். கடைசி மூன்று வருடமும் என்னை யாரும் முந்தியதில்லை. பதினாறு வயதில் என் டைமிங் 10 நிமிடம் 20 நொடி. கல்லூரிக்கு வந்ததும் 5000 மீட்டருக்கு மாறினேன். முதல் வருடம் 18:05 ஓடினேன். இந்த வருடம் 18:40. பள்ளி நாட்களில் எனக்குப் பின்னால் நாலாவது, ஐந்தாவது வந்துகொண்டிருந்த பெண் இப்போது எனக்கு ஏறத்தாழ ஒரு சுற்று முன்னால் முடிக்கிறாள்.

பயிற்சியில் குறை வைக்கவில்லை. ஏழு நாளும் ஓடுகிறேன். இரண்டு நாள் 400 மீட்டரை வேகமாகத் திரும்பத் திரும்ப ஓடும் ரிப்பிட்டிஷன். மற்ற நாட்களில் பையன்களோடு 10 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 4:15 வேகத்தில். எடை கொஞ்சம் கூடிவிட்டதால் ஒரு மாதமாக இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். எனக்கு வேகம் குறைவு, தாக்குப்பிடிக்கும் சக்தி அதிகம் என்கிறார்கள். 5000ஐ விட்டுவிட்டு 10,000 மீட்டருக்குப் போகலாமா? கார்பன் தகடு வைத்த ஷூ வாங்கினால் பலன் இருக்குமா? உங்கள் அக்கா ஓட்டக்காரர் என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கத் தோன்றியது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்தபோது என் மேசையில் அக்காவின் பயிற்சி நோட்டு கிடந்தது. பழைய பெட்டி ஒன்றைக் காலி செய்யும்போது கிடைத்தது. நீல அட்டை, ஓரமெல்லாம் தண்ணீரில் ஊறி உப்பியிருக்கிறது. மூன்று நாளாக அதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுதியிருப்பதில் பாதி அந்த நோட்டில் அப்படியே இருக்கிறது.

முதலில் திட்டிவிடுகிறேன். இரவுச் சாப்பாட்டை ஏனம்மா நிறுத்தினீர்கள்? தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிற பெண் பட்டினி கிடந்து வேகத்தைக் கூட்டப் பார்ப்பது முட்டாள்தனம். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஓட்டத்துக்குச் செலவானது போக மிச்சம் இருக்கும் சக்தியில்தான் உடம்பு மற்ற வேலைகளைப் பார்க்கிறது. மிச்சம் குறைந்தால் ஒவ்வொரு வேலையாக நிறுத்த ஆரம்பிக்கும். பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும், பிறகு நின்றே போகும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும், எலும்பு மெலியும். அப்புறம் ஒரு நாள், விழாமல் இடறாமல், சாதாரணமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே எலும்பில் விரிசல் விழும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014ல் இதைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கையே வெளியிட்டது. ஆண்களுக்கும் வரும் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள்.

மேரி கெய்ன் என்ற அமெரிக்கப் பெண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். 2013ல் மாஸ்கோவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில், 17 வயதில், 1500 மீட்டர் இறுதி ஓட்டம் வரை போனவர். அடுத்த சில வருடங்களில் காணாமலே போனார். எடையைக் குறை, இன்னும் குறை என்று தன்னை நெருக்கினார்கள் என்றும், மூன்று வருடம் மாதவிலக்கு வரவில்லை என்றும், ஐந்து எலும்புகள் முறிந்தன என்றும் 2019ல் அவரே வெளியில் சொன்னார். அவருக்காவது மற்றவர்கள் செய்தார்கள். நீங்கள் உங்களுக்கு நீங்களே செய்துகொள்கிறீர்கள்.

இத்தனை எண்கள் எழுதிய நீங்கள் மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று எழுதவில்லை. வராவிட்டால் அடுத்த பயிற்சிக்கு முன்பே மருத்துவரிடம் போங்கள். ரத்தத்தில் இரும்புச் சத்தையும், குறிப்பாக உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். நீண்டதூரம் ஓடும் பெண்களுக்கு இரும்புச் சத்து குறைவது சகஜம்.

எடை கூடியதற்கு வருகிறேன். உங்கள் உடம்பு பெண்ணுடம்பாகிக்கொண்டிருக்கிறது. இடுப்பு அகலும், கொஞ்சம் கொழுப்பு சேரும், ஒன்றிரண்டு வருடம் டைமிங் நின்ற இடத்திலேயே நிற்கும், சில சமயம் பின்னாலும் போகும். பள்ளியில் ஜெயித்த எத்தனையோ பெண்கள் இந்த இடத்தில்தான் ஸ்பைக்ஸைக் கழற்றிவிட்டுப் போனார்கள். இது ஒரு கட்டம், கடந்துவிடும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பதினாறு வயதில் இருந்த உடம்பைத் திரும்பக் கேட்காதீர்கள்.

ஷூ: காலுக்குச் சரியாக இருப்பதைப் போடுங்கள். நீங்கள் தொலைத்திருப்பது 35 நொடி. அது ஷூவில் இல்லை.

அந்த இன்னொரு பெண்ணை விடுங்கள். அவள் ஓட்டம் அவளுடையது.

இனி நான் சொல்ல வந்தது. கிலோமீட்டருக்கு 4:15 என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு எண்ணில்தான் உங்கள் பிரச்சினை இருக்கிறது. ஐயாயிரத்தை 18:40ல் ஓடுகிறவருக்கு அது ஓய்வு ஓட்டமும் இல்லை, வேக ஓட்டமும் இல்லை. முந்தின நாள் களைப்பு தீர அது ரொம்ப வேகம். வேகம் பழக அது ரொம்ப மெதுவு. வாரத்தில் ஐந்து நாள் இந்த இரண்டுங்கெட்டான் வேகத்தில் ஓடிக் களைத்த காலோடுதான் ரிப்பிட்டிஷனுக்குப் போய் நிற்கிறீர்கள். அங்கே சரியாக ஓட முடியாமல் போகும். அந்தக் கோபத்தில் மறுநாள் இன்னும் கொஞ்சம் விரட்டுவீர்கள். உங்களுக்கு மெதுவாக ஓடத் தெரியவில்லை. பள்ளியில் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

அக்காவுக்கும் சொல்லித் தரவில்லை. பள்ளியில் அவள் பயிற்சியாளருக்கு ஒரே விதிதான்: நேற்றைவிட இன்று ஒரு நொடியாவது குறைய வேண்டும். நான் அவளைவிட மூன்று வயது சின்னவன். சைக்கிளில் கூடவே போவேன், கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும். அவளுக்கு ஈடுகொடுக்க நான் எழுந்து நின்று மிதிக்க வேண்டியிருக்கும். அவள் ஒரு வார்த்தை பேச மாட்டாள். நோட்டின் முதல் பாதி முழுக்க அந்த நாட்கள்தான். தேதி, தூரம், நேரம். நேரம் குறையாத நாட்களுக்கு எதிரே பேனாவை அழுத்தி ஒரு கறுப்புப் பொட்டு. மூன்று வருடத்தில் பொட்டுகள் கொஞ்சம்தான். அந்தப் பயிற்சியாளருக்கு நல்ல பெயர் கிடைத்தது. வளர்கிற உடம்பு எந்தப் பயிற்சி கொடுத்தாலும் வேகம் கூடத்தான் செய்யும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

கல்லூரி முதல் வருடம் பக்கத்துக்குப் பத்துப் பொட்டு. இரண்டாம் வருடம் எல்லா வரியிலும் பொட்டு. காலில், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, ஒரு விரல் நுனி அளவு இடத்தில் வலி. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது விளையாட்டாக அந்த இடத்தைத் தொட்டேன். கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகும் மூன்று வாரம் ஓடினாள். நானும் ஸ்டாப்வாட்சோடு பின்னால் போனேன். விரிசல் என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து நோட்டில் தேதி மட்டும் இருக்கிறது, எதிரே ஒன்றும் இல்லை. எட்டு வாரம், ஐம்பத்தாறு வரி. ஒரு நாள்கூடத் தேதி எழுதாமல் விடவில்லை அவள்.

திரும்பி வந்தபோது கல்லூரியில் புதுப் பயிற்சியாளர், வயதான அம்மா. முதல் நாளே என் கழுத்திலிருந்து ஸ்டாப்வாட்சைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார். "தம்பி, நீ கேள்வி கேட்டுக்கொண்டே வா. அவள் முழு வாக்கியமாகப் பதில் சொல்ல வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்கச் சொல்" என்றார். அவ்வளவுதான் பயிற்சி. அந்த வேகத்தில் சைக்கிள் நேராகப் போகாது. இரண்டு பக்கமும் தள்ளாடும், காலை ஊன்றி ஊன்றித்தான் போக வேண்டும். முதல் வாரம் அக்கா வீட்டுக்கு வந்து அழுதாள். எல்லோரும் பார்க்கிறார்கள், வேகநடை போகிறவர்கள்கூட முந்துகிறார்கள் என்று. அந்த அம்மா இளகவில்லை. செவ்வாயும் வெள்ளியும் விரட்டுவார், அந்த இரண்டு நாளும் சக்கையாகப் பிழிவார். மற்ற நாளெல்லாம் பேச்சுதான்.

ஒரு மாதத்தில் அக்கா பேச ஆரம்பித்தாள். துப்பாக்கிச் சத்தத்துக்கு முன் இருக்கும் அந்த அமைதியில் வயிறு கலங்கும் என்று சொன்னாள். பள்ளியில் ஜெயித்த ஒரு போட்டியையும் தான் ரசித்ததில்லை என்றாள். ஒரே வீட்டில் பதினாறு வருடம் இருந்தும் எனக்குத் தெரியாத அக்கா அவள். நோட்டில் அந்த மாதத்து வரி ஒன்று: "50 நிமிடம். தம்பி இரண்டு முறை விழப் பார்த்தான்." பொட்டு இல்லை.

இதை ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மனிடம் கென்னி மூர் என்றொரு மாணவர் இருந்தார். ஓய்வு ஓட்டம் என்று அனுப்பினால் அங்கேயும் விரட்டுவார், எப்போதும் களைப்பு, நோய். பவர்மன் மூன்று வாரத்துக்கு நாளொன்றுக்கு மூன்று மைல் மட்டும், அதுவும் மெதுவாக, என்று கட்டளை போட்டார். மூர் துடித்துப்போனார். மூன்று வாரம் முடிந்து இரண்டு மைல் போட்டியில் இறங்கியவர் 8 நிமிடம் 48 நொடியில் ஓடி முடித்தார். அதற்கு முன் அவர் கிட்டக்கூடப் போகாத நேரம். அதே மூர் 1972 மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் நான்காவதாக வந்தார். ஒரு நாள் கடினம், மறுநாள் எளிது என்ற முறையைப் பவர்மன் பிடிவாதமாகக் கடைப்பிடித்தார்.

நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் வாரம் நூறு மைல் ஓடவைத்தவர். அதைக் கேட்டதும் விரட்டி விரட்டி ஓடவைத்தார் என்று நினைக்கிறார்கள். பயிற்சி செய், திணறாதே என்பதுதான் அவர் ஓயாமல் சொன்னது. 800 மீட்டர் ஓடுகிற பீட்டர் ஸ்னெல்லையே 22 மைல் மலைப்பாதையில் ஓடவைத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரிலும், அவருடைய இன்னொரு சீடர் மரே ஹால்பர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள். பின்னாளில் ஸ்டீபன் செய்லர் என்ற ஆய்வாளர் உயர்மட்ட ஓட்டக்காரர்கள், படகோட்டிகள், பனிச்சறுக்கு வீரர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று பார்த்தார். அவர்களுடைய பயிற்சிகளில் ஏறத்தாழ 80 சதவீதம் எளிதான வேகத்தில்தான் இருந்தது.

மெதுவாக ஓடும்போது ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். உள்ளே நடக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் கூடுதல் ரத்தம் தள்ளப் பழகுகிறது. தசைக்குள் மெல்லிய ரத்தக்குழாய்கள் புதிதாகக் கிளைவிடுகின்றன. தசைச் செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது. இதற்கு மாதங்கள் ஆகும், வருடங்களும் ஆகும். எலும்பும் தசைநாணும் இன்னும் நிதானம். மூச்சு தயார் என்று சொல்லும்போது எலும்பு தயாராகியிருக்காது. அக்காவின் கால் எலும்பு அந்த இடைவெளியில்தான் விரிசல் விட்டது.

ஆகவே, பையன்களோடு ஓடுவதை நிறுத்துங்கள். வேக நாட்களில் வேண்டுமானால் ஓடுங்கள், எளிய நாட்களில் கூடாது. கிலோமீட்டருக்கு 5:20, 5:45 வரைகூடப் போகலாம். வெட்கமாக இருக்கும், இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாள் ஓடவே கூடாது. ஒரு நாள் 14, 15 கிலோமீட்டர், பேசிக்கொண்டே. பேச ஆள் இல்லாவிட்டால் தெரிந்த பாட்டு ஒன்றை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வரி நடுவில் அறுந்தால் வேகத்தைக் குறையுங்கள். அந்த நாட்களில் கைக்கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். இரண்டு வேக நாட்களையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கால் புதிதாக இருக்கும்போது ரிப்பிட்டிஷன் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். "மெதுவாக ஓடினால் மெதுவாகத்தான் ஓட வரும்" என்று கிரவுண்டில் யாராவது சொல்வார்கள். சொல்கிறவரிடம் அவர் எத்தனை வருடம் ஓடினார் என்று கேளுங்கள்.

அக்கா கடைசி வருடம் 5000 மீட்டரை 17:31ல் ஓடினாள். அவள் வாழ்நாளில் ஓடிய நல்ல நேரம் அதுதான். மூன்றாவதாக வந்தாள். கோட்டைத் தாண்டி நேராக என்னிடம் வந்தாள், டைமிங் கேட்கவில்லை. கடைசிச் சுற்றில் பக்கத்தில் ஓடியவள் என்னவோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாளாம், அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பத்தாயிரத்துக்குப் போகலாமா என்றல்லவா கேட்டீர்கள். போகலாம், இப்போது வேண்டாம். இருபத்தைந்து சுற்று ஓட இந்த உடம்பில் இன்று சக்தி இல்லை. காலம் நிறைய இருக்கிறது. 2008 பெய்ஜிங்கில் பெண்கள் மாரத்தான் தங்கம் வாங்கிய கான்ஸ்டன்டினா டிட்டாவுக்கு அப்போது 38 வயது.

மூன்று மாதம் கழித்து விரிவாக எழுதுங்கள். அதற்கு முன், இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் சாப்பிட்டேன் என்று ஒரு வரி போடுங்கள்.