வளவில் பூனை, அறையில் பூட்டு: பங்காளி மருந்து வைப்பேன் என்றால்?

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் மாமனார் காலத்து வீடு. ஐந்து பங்காளிகளுக்குப் பாத்தியம் உள்ளது, ஆனால் நிரந்தரமாகக் குடியிருப்பது நான் மட்டும்தான். எங்கிருந்தோ வந்த ஒரு பூனைக்கு இரண்டாங்கட்டில் (வீட்டின் உட்புறத்து இரண்டாம் பகுதியில்) சோறு வைத்து வருகிறேன். இப்போது அது கொழுந்தனாருக்கு ஒதுக்கிய அறைக்குள் குட்டி போட்டிருக்கிறது. குட்டிகளுக்கு மூன்று வாரம் இருக்கும். சாவி சென்னையில் அவரிடம் இருக்கிறது. உடைந்த ஜன்னல் வழியாகத் தாய்ப்பூனை போய் வருகிறது. தை மாதம் அவருடைய மணிவிழா இந்த வீட்டில்தான். "அதற்குள் ஆள் வைத்துச் சாக்கில் கட்டி எங்காவது விட்டுவிடச் சொல்கிறேன், முடியாவிட்டால் மருந்து வைத்துவிடுவேன். சோறு போடுவது நீங்கள், ஆகவே அது உங்கள் பூனை" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். தாயைக் கூண்டு வைத்துப் பிடித்து, கருத்தடை செய்து, இங்கேயே விட நினைக்கிறேன். அது சட்டப்படி தப்பா? அவர் அறையைத் திறக்கலாமா? போலீஸுக்குப் போனால் எடுத்துக்கொள்வார்களா?

பதில்: ஆச்சி, நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். போலீஸ் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருந்தால் பூனை பிழைக்காது.

இதற்கான மூலச் சட்டம் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் எடுத்த முயற்சியில் பிறந்த சட்டம் இது. சிராவயல் மஞ்சுவிரட்டு நடக்கும் மாவட்டத்தில் இருப்பதால் இதன் பெயர் உங்களுக்குப் புதிதாக இருக்காது. 2014-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்ததும், 2017-இல் தமிழ்நாடு திருத்தம் கொண்டுவந்ததும் இந்தச் சட்டத்தை வைத்துத்தான். மாட்டுக்கு வந்தபோது ஊரே பேசிய அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, வீட்டில் வளர்வதோ தெருவில் திரிவதோ, எல்லா விலங்குக்கும் பொருந்தும். அடித்து வதைத்தல், வலி உண்டாகும்படி சுமந்து செல்லுதல், பட்டினியில் துன்பப்படும்படி கைவிடுதல், குரூரமாகக் கொல்லுதல் எல்லாம் அதில் குற்றம்.

தண்டனையைக் கேட்டால்தான் சிரிப்பு வரும். முதல் குற்றத்துக்கு அபராதம் குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. சாக்கில் கட்டிச் செட்டிநாடு ரயில் நிலையத்துப் பக்கம் விட்டுவிட்டு வரும் ஆளுக்கு உங்கள் கொழுந்தனார் கொடுக்கும் கூலி இதைவிடக் கூடுதலாக இருக்கும். போதாததற்கு, சாக்கில் கட்டுவதும் கைவிடுவதும் போலீஸ் நேரடியாக வழக்குப் பதிய முடியாத வகை. புகாரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்வார்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடராவிட்டால் 36-ஆம் பிரிவின்படி அதுவும் போயிற்று.

மருந்து வைப்பது வேறு கதை. குரூரமான முறையில் கொல்வதைச் சொல்லும் 11(1)(எல்) உட்பிரிவில் போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கலாம். அதைவிடக் கனமானது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு. விலங்கைக் கொன்றாலோ, விஷம் வைத்தாலோ, ஊனமாக்கினாலோ ஐந்து ஆண்டு வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பத்து ரூபாய் பெறுமானமுள்ள விலங்கு, ஐம்பது ரூபாய் பெறுமானமுள்ள விலங்கு என்று பிரித்திருந்தார்கள். இப்போது அந்தக் கணக்கு இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு வாதம் வைப்பார்: இது 'சேதம் விளைவித்தல்' சார்ந்த குற்றம், யாருக்கும் சொந்தமில்லாத பூனை செத்தால் யாருடைய சொத்து சேதமானது என்பார். நல்ல வாதம்தான், ஆனால் அதை விசாரணையில் பேசிக்கொள்ளட்டும். முதல் தகவல் அறிக்கை போடுவதற்கு அது தடை இல்லை. ஆட்கள் நடமாடும் வளவில் (வீட்டு முற்றத்தில்) அலட்சியமாக விஷம் வைப்பதற்கு 286-ஆம் பிரிவும் இருக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மணிவிழாவுக்குக் குழந்தைகள் வரும் வீட்டில் மருந்து கலந்த மீன் கிடந்தால் என்ன ஆகும் என்று கொழுந்தனாருக்கு எழுதுங்கள். பூனைக்கு இரங்காதவர் பேரனுக்கு இரங்குவார்.

அந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். மின்னணுச் சாட்சியத்தை நீதிமன்றத்தில் வைக்க புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். மூலப் போன் கையில் இருந்தால் அது சுலபம். இப்போதே காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைத்துக்கொள்வதில் தப்பில்லை. மணிவிழாவை முன்னிட்டு அதையும் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்பது என் கருத்து. குடும்பத்தில் மூத்த ஒருவரை வைத்து முதலில் பேசிப் பாருங்கள்.

இனி கூண்டு. சொந்தக்காரர் இல்லாத பூனையைச் சிகிச்சைக்காகப் பிடிப்பது குற்றமில்லை. முறைப்படி செய்யும் கருத்தடை வதையும் இல்லை. விலங்குகளின் ஆண்மை நீக்கத்தை மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11(3) உட்பிரிவே விலக்கி வைத்திருக்கிறது. பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் செய்ய வேண்டும், ரசீதில் அவர் பதிவு எண் இருக்க வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கூண்டுக் கதவு விழுந்த அந்த நிமிடத்திலிருந்து அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி அந்த உயிர் உங்கள் பொறுப்பு. சிறிய கூண்டில் நெடுநேரம் அடைத்துவைத்தாலோ, வெயிலில் விட்டாலோ, குற்றம் உங்கள் பக்கம் திரும்பும். கூண்டை வைத்துவிட்டு கோவிலுக்குப் போய்விடாதீர்கள், பக்கத்திலேயே இருங்கள். பூனை மாட்டியதும் கூண்டின் மேல் கனமான துண்டைப் போர்த்துங்கள். இருட்டானால் அடங்கிவிடும்.

சட்டத்தைவிட இதில் நாள் கணக்குதான் முக்கியம். மூன்று வாரக் குட்டிகளை விட்டுத் தாயை மட்டும் பிடித்துக்கொண்டு போனால், நீங்கள் காப்பாற்ற நினைத்ததே செத்துப்போகும். குட்டிகள் நான்கு வாரத்தில் மெல்ல இரை தின்னத் தொடங்கி, எட்டு வாரத்தில் பால் மறக்கும். ஐப்பசி முடியும் நேரத்தில் எழுதியிருக்கிறீர்கள். தை பிறக்க இரண்டு மாதம் இருக்கிறது. மார்கழிப் பாதிக்குள் குட்டிகளையும் தாயையும் சேர்த்துப் பிடிக்க உங்களுக்கு நேரம் உண்டு. அதற்கு மேலும் இழுக்காதீர்கள். பால் கொடுக்கும்போதே பூனை மறுபடி சினைப்படும், ஏறக்குறைய ஒன்பது வாரத்தில் அடுத்த ஈற்று வந்துவிடும். பெட்டைக் குட்டிகள் நான்கைந்து மாதத்திலேயே சினைக்கு வரும். கடுவன் (ஆண் பூனை) ஒன்று சுற்றினால் அதையும் விடாதீர்கள்.

இடைப்பட்ட நாளில் செய்யக்கூடிய பெரிய வேலை, குட்டிகளை மனிதக் கைக்குப் பழக்குவது. இரண்டிலிருந்து ஏழு வாரம் வரையில்தான் அது எளிதாக நடக்கும். பழகிய குட்டியை யாராவது வாங்கிக்கொள்வார்கள். பழகாதது சீறும், காலமெல்லாம் ஓட்டில்தான் திரியும். குட்டிகள் தனியாகக் கிடக்கின்றனவே என்று உடனே தூக்கிவிடவும் கூடாது. தாய் இரைக்குப் போயிருக்கும், ஒளிந்து நின்று பார்த்தால் வரும். நீங்கள் அடிக்கடி எட்டிப் பார்த்தால், 'ஏழு வீடு மாற்றும்' என்று நம் ஊரில் சொல்வதுபோல் கவ்விக்கொண்டு இடம் மாற்றிவிடும். பிறகு எந்த அறை, எந்தப் பங்காளி சாவி என்று தேட வேண்டியிருக்கும். பசும்பால் வைக்காதீர்கள், வயிற்றுப்போக்கு வரும்.

அறைப் பூட்டைப் பற்றி. வளவு, பட்டாலை, அடுப்படி எல்லாம் பொது. அங்கே கூண்டு வைக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். கூட்டுச் சொத்தில் ஒவ்வொரு பங்காளிக்கும் முழு வீட்டிலும் அனுபோகம் உண்டு. ஆனால் குடும்ப ஏற்பாட்டில் அவருக்கென்று ஒதுக்கி அவர் பூட்டிய அறையை, 'எனக்கும் பாத்தியம் உண்டு' என்று நீங்கள் உடைக்க முடியாது. குட்டியைக் காப்பாற்ற நுழைந்தவரிடம் குற்றம் செய்யும் எண்ணமோ மிரட்டும் எண்ணமோ இல்லை. ஆகவே நியாய சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவு சொல்லும் அத்துமீறல் குற்றம் நிற்பது கடினம்தான். அதற்காக, உடைந்த பூட்டுக்கும் உள்ளே இருந்த வெள்ளிப் பாத்திரத்துக்கும் யார் பதில் சொல்வது? பங்காளிச் சண்டையில் பூட்டை உடைத்தவர் பக்கம் நின்று வாதாட எனக்கே பிடிக்காது. ஜன்னல் திறந்திருக்கும்வரை தாய் போய் வரும், அறையைத் திறக்கும் அவசரமே இல்லை. ஆறாவது வாரம் வாக்கில் குட்டிகளே ஜன்னல் வழியாக வெளியே வரும், கூண்டை வளவில் வைத்துக்கொள்ளலாம். அவர் ஆள் அனுப்பி அந்த ஜன்னலை அடைத்தால்தான் நிலைமை மாறும். அன்றே வாட்ஸ்அப்பில் 'குட்டிகள் உள்ளே இருக்கின்றன, திறக்க அனுமதி தாருங்கள்' என்று எழுதுங்கள். தெரிந்தே பட்டினி போட்டால் அது வதை. பதில் வராவிட்டால் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, போலீஸ் முன்னிலையில், இன்னொரு பங்காளியையும் சாட்சிக்கு வைத்துத் திறக்கச் சொல்லுங்கள்.

'சோறு போட்டதால் உங்கள் பூனை' என்கிறாரே, அதற்கு வருகிறேன். இரண்டாங்கட்டில் வைத்த சோறு உங்களை உரிமையாளராக்காது என்பது என் கருத்து. கழுத்தில் மணி கட்டி, இரவில் வீட்டுக்குள் அடைத்து வளர்த்தால் பேச்சு வேறு. தெரு நாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் சொன்னதை யாராவது காட்டி, 'பொது இடத்தில் சோறு போடக் கூடாது' என்று உங்களைப் பயமுறுத்தினால் கலங்காதீர்கள். அது தெருவையும் நாயையும் பற்றிய உத்தரவு, உங்கள் இரண்டாங்கட்டைப் பற்றியது இல்லை. ஆனாலும் தினமும் ஒரே நேரத்தில், பந்தி நடக்கும் இடத்துக்குத் தள்ளி ஒரே இடத்தில் வைத்து, மிச்சத்தை எடுத்துவிடுங்கள். பங்காளியின் புகாருக்கு இடமிருக்காது. நேரம் பழகிய பூனை கூண்டிலும் சுலபமாக ஏறும்.

கருத்தடை முடிந்ததும் அதே இடத்தில் விடுவதுதான் சரி. தெரியாத ஊரில் விட்டால் இரையும் தெரியாது, இருக்கும் பூனைகளும் விரட்டும். அது கைவிடுதல் ஆகிவிடும். இடது காது நுனியைச் சற்று வெட்டி விடச் சொல்லுங்கள், அறுவை முடிந்தது என்பதற்கு அடையாளம். செட்டிநாட்டு வீட்டில் பூனை போனால் அந்த இடத்தை எலி எடுத்துக்கொள்ளும் என்பதைக் கொழுந்தனாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் அறையில் இருக்கும் பத்திரக் கட்டுகளே சொல்லும்.

கூண்டில் மரநாய் விழுந்தால் என்ன செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன், பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீடுகளில் அது சர்வசாதாரணம். மரநாயும் காட்டுப்பூனையும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. அந்தச் சட்டத்தில் பொறி வைப்பதும் வேட்டை என்ற சொல்லுக்குள் அடங்கும். தவறி விழுந்ததென்றால் அங்கேயே, அப்போதே திறந்துவிடுங்கள். காயம் இருந்தால் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். மருத்துவரிடமோ வேறு ஊருக்கோ நீங்களாக எடுத்துப் போகாதீர்கள்.

பிடிக்கும்போது கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். சின்னக் கீறல்தானே என்று மஞ்சள் வைத்துவிட்டு இருக்காதீர்கள். பூனைக்கும் அந்த நோய் வரும்.

இத்தனையும் மீறி யாராவது மருந்து வைத்து ஏதாவது நடந்துவிட்டால், உடலைப் புதைக்காதீர்கள். பனிக்கட்டியில் வைத்து, போட்டோ எடுத்து, மிச்சமிருக்கும் இரையையும் தொடாமல் மூடி வைத்துப் புகார் கொடுங்கள். போலீஸ் கடிதத்தோடு அரசு கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனை நடக்க வேண்டும். காவல் நிலையத்தில் எடுக்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள மிருகவதைத் தடுப்புச் சங்கத்துக்கு அதில் ஒரு நகல் போகட்டும். அதன் பிறகும் அசையாவிட்டால் காரைக்குடி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போடலாம்.